பாட்டியிடம் கேட்கச் சொல்லும் கேள்வித்தாள்: சுங்கை சிப்புட் வரலாற்று டியூஷன் வகுப்பு ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசை ஒன்றின் மாடி அறையில், ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைப் பிற்பகல்களில் வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் டியூஷன் நடத்தி வருகிறார். முதலாம் படிவத்தில் படிக்கும் என் மகள் கிரேக்க நாகரிகம் பற்றிய பாடப்பகுதியை அங்கேதான் படித்து முடித்தாள். கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு ஊரில் நிலையங்கள் இருக்கும்போது, வரலாற்றுக்கென்று மாதம் 50 ரிங்கிட் கட்டத்தான் வேண்டுமா என்று கோயிலிலும் பள்ளி வாசலிலும் பார்க்கும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வரலாற்றை நம் பிள்ளைகள் அலட்சியம் செய்துவிட முடியாது. 2013ஆம் ஆண்டிலிருந்து, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேர்ச்சி பெறாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. மற்றப் பாடங்களில் எவ்வளவு சிறந்த புள்ளிகள் வாங்கியிருந்தாலும் இதே நிலைதான். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, மெசொப்பொத்தேமியா, எகிப்து, கிரேக்கம், ரோம் என்று பெயர்கள் அடர்ந்த புத்தகத்தை முதல் ஆண்டிலேயே மலாய் மொழியில் படித்தாக வேண்டும். அதனால் பெரும்பாலான பெற்றோர்கள் எதிர்பார்ப்பது சுருக்கக் குறிப்பும் மாதிரிக் கேள்வியும்தான். அவை இரண்டும் இந்த வகுப்பிலும் கிடைக்கின்றன, தரமும் குறைவில்லை. ஆனால் அவற்றை மட்டும் பெறுவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புத்தகக் கடையில் விற்கும் பயிற்சி நூலே போதும்.

இந்த வகுப்பின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஆசிரியர் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்புகிறார். ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார். இடப்பக்கத்தில் அந்த வாரத்துக்குரிய சிந்தனையாளரைப் பற்றிய செய்திகள் எட்டுப் பத்து வரிகளில் அச்சாகியிருக்கும். வலப்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, அதன் கீழே வெறும் கோடுகள். தாளின் அடியில் மூன்று கட்டங்கள் உண்டு. வீட்டில் யாரிடம் கேட்டாய், அவர் என்ன வேலை செய்தவர் அல்லது செய்பவர் என்பது முதல் கட்டம். அவர் சொன்ன பதில் இரண்டாவது. அந்தப் பதிலைக் கேட்டபின் உனக்கு எழுந்த அடுத்த கேள்வி என்ன என்பது மூன்றாவது. புள்ளிகள் மூன்றாவது கட்டத்துக்கு மட்டுமே கிடைக்கும். இணையத்திலிருந்து எடுத்தெழுதிய பதிலாக இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. பெரியவர் பேசியதைப் பிள்ளை காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் முடியும். சாக்ரடீஸ் ஏதென்ஸ் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்டுச் செய்துகொண்டிருந்த காரியமும் அடிப்படையில் இதுதான் என்பதை, அவரைப் பற்றிய பாடம் வருமுன்பே பிள்ளைகள் கையால் செய்து பழகிவிடுகிறார்கள். இப்படி ஒரு தாளை வடிவமைத்தவருக்கு ஆசிரியத் தொழில் எவ்வளவு ஆழமாகத் தெரிந்திருக்கிறது என்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

முதலில் வந்தது ஆதி கிரேக்கச் சிந்தனையாளர் தேலீஸ் பற்றிய தாள். எல்லாவற்றுக்கும் மூலம் நீரே என்றவர், கி.மு. 585இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னவராகப் பேசப்படுபவர். தத்துவம் சோறு போடுமா என்று ஏளனம் செய்தவர்களுக்குப் பதிலாக, அடுத்த பருவத்தில் ஆலிவ் விளைச்சல் பெருகும் என்று கணித்து, குளிர்காலத்திலேயே மிலேட்டஸிலும் கியாஸிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகளைக் குறைந்த முன்பணம் கட்டித் தம் பெயருக்கு எடுத்துக்கொண்டார், அறுவடைக் காலத்தில் தாம் சொன்ன விலைக்கு வாடகைக்கு விட்டார் என்ற கதையை அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் என் கணவர், பள்ளிப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான். ஆலைகள் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் குலை விலையை யார் தீர்மானிப்பார்கள் என்று அவர் மகளிடம் திருப்பிக் கேட்டார், அவள் அதையே தன் மூன்றாவது கட்டத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்தவருடைய கேள்வியை எழுதியதற்கு ஆசிரியர் பாதிப் புள்ளிதான் கொடுத்தார். அது நியாயமே.

நான் விரிவாகச் சொல்ல வேண்டியது சாக்ரடீஸ் தாளைப் பற்றி.

எங்களோடு வசிக்கும் என் மாமியார் சிறுவயது முதல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக வெட்டி முடித்து, வெயில் ஏறியதும் மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கழியில் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து நிறுத்துக் கொடுத்த தலைமுறை அவர். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார். பேத்தியின் பாடங்களைப் பற்றி அவர் அதுவரை கேட்டதெல்லாம், எழுதி முடித்தாயா, சாப்பிட வருகிறாயா என்பவை மட்டுமே.

தாளின் இடப்பக்கம் அந்த வழக்கைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு எழுபது வயது. நகரம் வணங்கும் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். சுமார் 500 குடிமக்கள் நடுவர்களாக இருந்து வாக்களித்தார்கள்; முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று அவரே சொன்னதாக அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதுகிறார். சிறையிலிருந்து தப்பிக்க நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடுகளையும் செய்து வைத்திருந்தும் அவர் மறுத்து, ஹெம்லாக் நஞ்சைக் குடித்து இறந்தார். வலப்பக்கத்தில் இருந்த கேள்வி இது: தீர்ப்பு தவறானது என்று தெரிந்தும் அதற்குக் கீழ்ப்படிவது சரியா?

மகள் அதைப் பாட்டியிடம் தமிழில் கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மனிதருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். மூன்று மகன்கள், அவர்களில் இருவர் சிறுவர்கள் என்று நான் சொன்னேன். பிறகு அவர், எங்கள் யாரிடமும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். திருமணமான புதிதில், கொட்டகையில் தாம் கொண்டுபோன பாலின் எடையைக் கணக்கெழுதும் கிராணி குறைத்து எழுதுகிறார் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. வாளி எந்த அளவுக்கு நிரம்பினால் எவ்வளவு நிறுக்கும் என்பது தினமும் தூக்குகிறவருக்குத் தெரியாமல் போகாது. துணிந்து கேட்டிருக்கிறார். மறுவாரமே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரை மேட்டுச் சரிவில் இருந்த கிழட்டு மரங்களுக்கு மாற்றிவிட்டார். அதன்பிறகு பல ஆண்டுகள் அந்தச் சரிவில்தான் வெட்டினார்.

"அப்படின்னா ஏன் பாட்டி அந்த வேலைய விட்டுப் போகல?" என்று மகள் கேட்டாள்.

"வேலைய விட்டா வீட்டையும் விடணும் கண்ணு. லயத்து வீடு தோட்டத்து வீடு. கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போறது? அந்தச் சாமிக்குப் போறதுக்கு ஒரு ஊரு இருந்திச்சி, காசு போட ஆளு இருந்திச்சி. அவரு போகல. எனக்குப் போக எடமே இல்ல. ரெண்டும் ஒன்னாகுமா?"

சாக்ரடீஸைச் சாமி என்றே அவர் கடைசி வரை குறிப்பிட்டார்.

தத்துவம் படித்தவர்கள் இந்த இடத்தின் முக்கியத்துவத்தை உடனே உணர்வார்கள். கிரிட்டோவோடு நடந்ததாகப் பிளேட்டோ எழுதிய உரையாடலில், சட்டங்களே எழுந்து வந்து தம்மிடம் பேசுவதாகச் சாக்ரடீஸ் கற்பனை செய்கிறார். இந்த நகரம் பிடிக்கவில்லை என்றால் உன் உடைமைகளை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம், நீ போகவில்லை, ஆகவே எங்களுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டுவிட்டாய், எங்களை இணங்கச் செய்ய வேண்டும் அல்லது நாங்கள் சொல்வதைச் செய்ய வேண்டும் என்று அவை வாதிடுகின்றன. கீழ்ப்படிவதற்கான கடமை, விலகிப் போகும் சுதந்திரத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டா என்பதைத்தான் என் மாமியார் கேட்டார். அந்த உரையாடலின் ஒரு வரியும் அவருக்குத் தெரியாது. இணங்கச் செய்யும் வழியையும் அவர் முயன்று பார்த்து, அதற்கான விலையையும் கொடுத்தவர்.

இந்தத் தாளை ஆசிரியர் கையாண்ட விதத்தைக் கண்டபின்தான் கட்டணம் தகும் என்று எனக்கு உறுதியாயிற்று. மகள் தன் மூன்றாவது கட்டத்தில், போக இடம் இல்லாதவர் ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டதாக எப்படிச் சொல்ல முடியும் என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, இதே மறுப்பை ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் எழுப்பினார் என்று சொல்லியிருக்கிறார். வேற்று மொழியோ வேற்று நாட்டு வழக்கமோ அறியாத, அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஓர் ஏழைக் குடியானவனுக்கு நாட்டை விட்டுப் போகும் உண்மையான உரிமை இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்பது ஹியூமின் கேள்வி. இது பாடப்புத்தகத்தில் இல்லை, தேர்விலும் வராது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம், உங்கள் வகுப்புத் தோழியின் பாட்டி சொன்னதும் ஹியூம் எழுதியதும் ஒரே வாதம் என்று ஒப்பிட்டுக் காட்ட ஆசிரியருக்கு அறிவும் வேண்டும், பெரியவர்கள் மீது மரியாதையும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருக்கின்றன. மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "அந்த மனுசன் எந்தத் தோட்டம்?" என்று மாமியார் கேட்டார். தோட்டத்துக்காரர் இல்லை, புத்தகம் எழுதியவர் என்று சொன்னதும், எழுதுகிறவருக்கு இது தெரிந்திருந்தது நல்ல விஷயம் என்றார்.

பிளேட்டோ தாள் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே இருந்தது. நாட்டைக் காப்பவர்களுக்குச் சொந்த வீடோ நிலமோ பொன்னோ இருக்கக் கூடாது, எல்லாம் பொதுவில் இருக்க வேண்டும், தகுதியுள்ள பெண்களும் காவலர் ஆகலாம் என்பவை அவருடைய இலட்சிய அரசின் அமைப்பு. எல்லாம் பொதுவானால் சண்டை குறையுமா என்பது கேள்வி. மாமியார் லயத்துப் பொதுக்குழாயை நினைவுகூர்ந்தார். தண்ணீர் பிடிக்க எல்லோரும் வருவார்கள், கால்வாயைக் கழுவிவிட இரண்டு பேர்தான் வருவார்கள், அந்த இரண்டு பேரில் தாம் ஒருவர் என்றார். மிகப் பலருக்குப் பொதுவானது மிகக் குறைந்த கவனிப்பையே பெறும் என்று அரிஸ்டாட்டில் தம் ஆசிரியரை மறுத்து எழுதிய வரி எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் மாமியார் அதோடு நிறுத்தவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, மாமனார் வாங்கிய கூட்டுறவுச் சங்கப் பங்கின் தாளை எடுத்துக் காட்டினார். ஓரங்கள் பழுப்பேறி, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து மங்கியிருந்தது.

அந்தத் தாளின் பின்னணி இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடித் தொழிலாளர்களை வெளியேற்றிய காலத்தில், சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குத் தொகை கட்டச் செய்து, தொழிலாளர்களையே தோட்ட உடைமையாளர்களாக்க முயன்றார். பொதுவாக இருந்தாலும் அதில் தன் பெயரும் எழுதியிருந்தால் மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று என் மாமியார் விளக்கினார். பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்பது அவர் கருத்து. மகள் பங்குத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஆசிரியர் அடுத்த வகுப்பின் முதல் அரை மணி நேரத்தைச் சங்கத்தின் வரலாற்றுக்கே ஒதுக்கியதாகச் சொன்னாள்.

இவ்வளவு நல்லதைச் சொன்னபின், ஏமாற்றம் தந்த ஒன்றையும் அதே அளவு தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அது அரிஸ்டாட்டில் தாள்.

ஸ்டாகிராவில் கி.மு. 384இல் பிறந்தது, பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் இருபது ஆண்டுகள் இருந்தது, அலெக்சாண்டருக்குப் பாடம் சொன்னது, கி.மு. 335இல் லைசியம் என்ற கல்விக்கூடத்தை நிறுவியது, கோழி முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்துக் கருவின் இதயத் துடிப்பைக் குறித்துவைத்தது என எல்லாம் அதில் இருந்தன. சிலர் இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறக்கிறார்கள் என்று அவர் வாதிட்டது மட்டும் இல்லை. அடிமையை உயிருள்ள கருவி என்று வர்ணித்ததும் இல்லை. என் கணவரின் தம்பி, வாசிப்புப் பழக்கம் உள்ளவர், இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னபிறகுதான் மகளுக்கே தெரிந்தது. அடிமைத்தனம் இயற்கைக்கு முரணானது, வெறும் சட்டத்தால் வந்தது என்று சொன்னவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதை அரிஸ்டாட்டிலே பதிவு செய்திருக்கிறார் என்றும், தம் அடிமைகள் சிலரை விடுவிக்கும்படி அவருடைய உயிலில் இருந்ததாக வரலாறு சொல்கிறது என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். மேசையில் எல்லோரும் பேசினார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டார்கள், குழம்பு ஆறிப்போயிற்று. மாமியார் கேட்ட ஒன்றை மட்டும் இங்கே தருகிறேன்.

"அப்படிப் பொறந்தவங்கன்னு எழுதுனாரே, அதுல ஒருத்தருகிட்டயாச்சும் போயிக் கேட்டாரா?"

அந்த வாரத் தாளின் கேள்வி, மிகையும் குறையும் இல்லாத நடுவழியே நல்லொழுக்கம் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைப் பற்றியது. மகள் அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதிவிட்டு, மூன்றாவது கட்டத்தில் அடிமைகளிடம் அரிஸ்டாட்டில் கேட்டாரா என்ற கேள்வியையும் தன் பாட்டியின் பெயரோடு எழுதி அனுப்பினாள். பாடத்துக்கு வெளியே உள்ளது என்ற ஒரு குறிப்போடு தாள் திரும்பி வந்தது. ஹியூமைப் பாடத்துக்குள் கொண்டுவந்த அதே ஆசிரியர் இதை வெளியே வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள், பெரிய அறிஞர் மேல் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். நேரில் கேட்டபோது, முதலாம் படிவத்துக்கு இது கனமான செய்தி என்று பொறுமையாகவே விளக்கினார். ஆனால் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி வழியாகக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டதையும், 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்ததையும் சில ஆண்டுகளில் அவர்கள் படிக்கப்போகிறார்கள். நம் முன்னோர் அடிமைகளாக வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் இப்படிப்பட்ட உழைப்புக்கென்றே பிறந்த சாதியினர் என்று எழுதப்பட்டவர்கள்தாம். ஒரு மகத்தான அறிஞர் தம் காலத்தின் வசதிக்குத் தத்துவம் கட்டிக் கொடுத்தார் என்பதைத் தெரிந்துகொண்டே அவரிடம் தருக்கத்தையும் உயிரியலையும் கற்க முடியும். என் மகளுக்கு அரிஸ்டாட்டில் மேல் ஆர்வம் குறையவில்லை. இன்றும் முட்டைகளை உடைத்துப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படிக்கட்டு செங்குத்தானது, பிள்ளையைக் கூட்டிவரும் வயதானவர்களுக்கு ஏறுவது சிரமம். மின்விசிறிகள் போதவில்லை. நகல் எடுக்கும் இயந்திரத்தில் மை மங்கினால் இடப்பக்கக் குறிப்புகள் வாசிக்க முடியாதபடி வருகின்றன. கேட்டால் மறுபிரதி தருகிறார்கள். தாள் முழுவதும் மலாய் மொழியில் இருக்கிறது, தேர்வு மொழி அது என்பதால் அது சரியே, ஆனால் பெரியவரின் பதிலை எழுதும் இரண்டாவது கட்டத்தையாவது தமிழில் எழுத அனுமதிக்கலாம். என் மாமியார் தாம் சொன்னது தாளில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க விரும்பி, பார்த்தும் படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தார். தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேன் ஏற்பாடு வகுப்பின் பொறுப்பில் இல்லை. பெற்றோர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் அண்ணன் தம்பி, அக்காள் தங்கையாகச் சேர்ந்து வருபவர்களுக்குச் சலுகை உண்டு, மாதக் கடைசியில் கட்டவும் அனுமதிக்கிறார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கிரேக்கர்கள் மட்டுமே கூடி வாதாடினார்கள் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது. மணிமேகலையில் வஞ்சி மாநகருக்குச் செல்லும் மணிமேகலை, பல சமயத் தத்துவங்களைச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கும் காதை ஒன்று இருக்கிறது. பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று அறிவிக்கும் வரியும் அதே காப்பியத்தில் உண்டு. கேட்பவள் ஓர் இளம்பெண் என்பதையும், பதில் சொல்பவர்கள் எல்லோரும் பெரிய அறிஞர்கள் என்பதையும் கருதினால், அந்த மூன்று கட்டத் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைக்காது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் புதிதும் அல்ல. பாட நேரம் போதாது என்றால் விடுமுறைக் காலத் தாளாகக் கொடுக்கலாம்.

யாருக்கு இந்த வகுப்பு பொருந்தும் என்று கேட்டால், வீட்டில் பேசுவதற்கு ஒரு பெரியவர் இருக்கும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தாத்தா பாட்டி உடன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கோயில் பூசாரியிடமோ கேட்டு எழுதுவதை ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார். ஒரு சீனப் பிள்ளை தான் தினமும் காப்பி வாங்கும் கடைக்காரரிடம் கேட்டு எழுதிய பதில் மிக நன்றாக இருந்ததாக மகள் சொன்னாள். தேர்வுப் புள்ளி ஒன்றையே குறியாகக் கொண்டவர்கள் வேறு நிலையம் பார்க்கலாம், ஏனெனில் இங்கே ஒரு தாளுக்கு ஆகும் நேரத்தில் அங்கே மூன்று பயிற்சிகள் முடிந்துவிடும். என் மகளின் பள்ளிப் புள்ளிகள் சற்றே ஏறியிருக்கின்றன, அதைப் பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். பாடத்தை மேசையில் பரப்பியதும் அவளுடைய பாட்டி இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார் என்பது நான் கண்ட மாற்றம்.

அடுத்த பாடப்பகுதி ரோமானியர்கள். அதற்கும் கட்டணம் கட்டிவிட்டேன். ரோமைப் பற்றிப் பேசும்போது அடிமைகளை விட்டுவிட வழியில்லை என்பதால், அரிஸ்டாட்டில் தாளையும் திருத்தி அதோடு சேர்த்துக் கொடுக்கும்படி ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார், படித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.